ஆராய்ச்சி மணி

புதுச்சேரியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியே வடக்கு நோக்கிச் செல்வோர், சில கல் தொலைவு கடந்ததும் பொம்மையார்பாளையம் என்னும் ஊரைக் காண்பர். அது விழுப்புரம் மாவட்டத்து வானூர் வட்டத்தைச் சார்ந்தது. மேற்கே செம்மண் மேடு. கிழக்கே வங்கக் கடல். இடையே மீனவர் குடியிருப்பு. மயிலம் முருகன் திருக்கோயிலோடு தொடர்புடைய பொம்மபுர ஆதீனத்தின் திருமடம் இங்கு உள்ளமையால், தமிழ் கற்றோர்க்கும் இஃது அறிமுகமான ஊரே.

முன்னாளில் இக்கரையில் செய்தி பரவிய முறையை முதலில் நோக்குவோம். விடியற்காலையில் ஒரு கட்டுமரம் கரையேறும். அதில் வந்தோர், மீன்பாடு எங்கே கிடைத்தது, நீரோட்டம் எப்பக்கம் இழுக்கிறது, கொண்டல் தொடருமா, வாடை திரும்புமா என்பனவற்றையெல்லாம், மணலில் அமர்ந்து கிழிந்த வலையைச் செப்பனிடுவோரிடம் கூறுவர். கேட்டவருள் ஒருவர், “நேற்று நீ சொன்னது பிழை, அங்கே நெத்திலிகூட அகப்படவில்லை” என்று முகத்துக்கு நேரே மறுத்தலும் உண்டு. சொன்னவன் மறுநாள் பார்த்துப் பேசுவான். செய்தி தருவோனும் பெறுவோனும் ஒருவரை ஒருவர் அறிந்திருந்தமையால், பிழை தானே திருந்திற்று.

இன்று அதே கரையில் கைப்பேசி வந்துவிட்டது. கடல் நிலையும் மீன் விலையும் திருமணச் செய்தியும் இறப்புச் செய்தியும் சமூக வலைத்தளங்களின் வழியே நொடிப்பொழுதில் பரவுகின்றன. செய்தி தருவோர் பெரும்பாலும் ஊராரே. ஆனால் அச்செய்தி யாருக்கு முதலில் தோன்ற வேண்டும், எது மறைய வேண்டும், எத்தனை பேருக்குச் செல்லலாம் என்று வகுப்போர் வேறொரு நாட்டில், கடல் பல கடந்த நகரில் அமர்ந்திருக்கின்றனர். அவர்கள் இவ்வூரைக் கண்டவர் அல்லர். அவர்கள் வகுத்த முறையில் பிழை இருப்பின், “நீ செய்தது பிழை” என்று எவரிடம் சென்று கூறுவது? கூறினால் அவர் செவியில் விழுமா? விழுந்தால் அவர் திருந்துவாரா? இவ்வினாக்களுக்கு விடை காண்பதே இப்பாடத்தின் நோக்கம்.

திருவாரூரிலிருந்து ஆண்ட மனுநீதிச் சோழன் தன் அரண்மனை வாயிலில் ஆராய்ச்சி மணி ஒன்றைத் தொங்கவிட்டான் என்னும் வரலாற்றை யாவரும் அறிவர். சிலப்பதிகாரமும் பெரிய புராணமும் அவனைப் போற்றுகின்றன. அவன் மகனுடைய தேர்க்காலில் ஒரு கன்று அகப்பட்டு இறந்தது. தாய்ப்பசு வந்து மணியை அசைத்தது. அரசன் எழுந்து வந்தான். இவ்வரலாற்றில் அரசனது நீதியையே மிகுதியாகப் பாராட்டுவது வழக்கம். மற்றொரு செய்தியையும் உடன் கருதுதல் நன்று. அம்மணியின் கயிறு பசுவின் வாய்க்கு எட்டும் உயரத்தில் இருந்தது. மேல்மாடத்தில் கட்டியிருப்பின், அரசன் எத்துணை நல்லவனாயினும் பசுவின் குறை அவனுக்கு எட்டியிராது. சமூக வலைத்தளம் நடத்துவோர் தம் பயனரின் குறையை அறிய மேற்கொள்ளும் முயற்சி யாவும், இக்கயிற்றை எங்கே கட்டுவது என்னும் வினாவில்தான் வந்து முடிகிறது.

கயிறு தாழ்வாகக் கட்டப்பட்ட ஒரு முயற்சி பொம்மையார்பாளையத்துக்குச் சிறிது தெற்கே, புதுச்சேரிப் பகுதியில் 1998-ஆம் ஆண்டு தொடங்கிற்று. வேளாண் அறிஞர் எம். எஸ். சுவாமிநாதன் பெயரால் அமைந்த ஆராய்ச்சி நிறுவனம், சிற்றூர்களில் செய்தி நிலையங்களை நிறுவியது. வில்லியனூர் நடுநிலையமாக அமைந்தது. கணிப்பொறியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, “இதனைப் பயன்படுத்துக” என்று கூறி அவர்கள் சென்றுவிடவில்லை. மக்களுக்கு எச்செய்தி வேண்டும் என்பதை முதலில் கேட்டறிந்தனர். வீராம்பட்டினம் போன்ற மீனவர் ஊர்களில் முதன்மையான தேவை அலையின் உயரத்தை அறிவதாகவே இருந்தது. அமெரிக்கக் கடற்படையின் இணையத்தளத்திலிருந்து அலையுயரக் கணிப்பு பெறப்பட்டது. கரையில் வேலை செய்வோர் கணிப்பொறியின் முன் வந்து அமர்ந்து படித்தல் இயலாத செயல். ஆதலின் அச்செய்தி தமிழில் ஒலிபெருக்கி வழியாக ஊர் முழுதும் ஒலித்தது. உலகில் மிகப் புதியதாகிய இணையமும் திருவிழாப் பந்தலின் ஒலிபெருக்கியும் இவ்வாறு கைகோத்தன. அறிஞர் சிலர் இதனைக் கேட்டு நகைத்திருக்கலாம், மீனவர் நகைத்திலர்.

அவ்வொலிபெருக்கியின் பயன் 2004 டிசம்பர் 26 அன்று விளங்கிற்று. சிங்கப்பூரில் பணிபுரிந்த நல்லவாடு ஊரினர் ஒருவர், ஆழிப்பேரலை பற்றிய செய்தியை அங்கே அறிந்து, தம் வீட்டாருடன் தொலைபேசியில் பேசினார். உடனே ஊரார் நிலையத்தைத் திறந்து, ஒலிபெருக்கியில் எச்சரிக்கை விடுத்தனர். மக்கள் கடற்கரையை விட்டு ஓடி உயிர் பிழைத்தனர். அலையுயரம் கூறுவதற்காக அமைத்த கருவியை, எவருடைய கட்டளையும் இன்றி, ஊராரே வேறொரு பெரும்பணிக்குத் திருப்பிக்கொண்டனர். ஒரு கருவியைச் செய்தவர் எண்ணாத பயனைப் பயன்படுத்துவோர் கண்டுபிடித்தல் இவ்வாறுதான் நிகழும்.

சமூக வலைத்தள வரலாற்றிலும் இத்தகைய நிகழ்ச்சி உண்டு. இன்று ‘எக்ஸ்’ என்று வழங்கும் தளம் 2023 வரை ‘ட்விட்டர்’ எனப் பெயர் பெற்றிருந்தது. அதில் ஒரே பொருள் பற்றிப் பலர் எழுதியவற்றைத் திரட்டிக் காண வழியின்றி இருந்தது. 2007 ஆகஸ்டில் கிறிஸ் மெசினா என்னும் பயனர், சொல்லுக்கு முன் # என்னும் குறியை இட்டு எழுதலாம் என ஒரு யோசனை கூறினார். நிறுவனத்தார் அதனைப் பெரிதாக மதித்திலர். அவ்வாண்டு அக்டோபரில் கலிபோர்னியாவின் சான் டியேகோப் பகுதியில் பெருங்காட்டுத்தீ பரவியபோது, மக்கள் அக்குறியை இட்டுத் தீயின் செய்திகளைப் பகிர்ந்துகொண்டனர். பின்னர் 2009-இல் நிறுவனமே அக்குறியை ஏற்று, அதனைத் தொட்டவுடன் தொடர்புடைய செய்திகள் தோன்றுமாறு அமைத்தது. பயனர் எவரும் முறையீட்டுக் கடிதம் எழுதவில்லை. தம் செயலாலேயே தம் தேவையைத் தெரிவித்தனர். நிறுவனத்தின் பங்கு அதனைக் கண்டுகொண்டமைதான். அதுவும் இரண்டாண்டு கழிந்து!

பயனரின் கருத்து நிறுவனத்தாரை அடையும் வழிகளை இங்கே விளக்குதல் வேண்டும். எழுத்தாலும் சொல்லாலும் வரும் முறையீடும், செயலிக்குப் பயனர் அளிக்கும் விண்மீன் மதிப்பும் வெளிப்படையானவை. எதைத் தொட்டனர், எதில் எவ்வளவு நேரம் தங்கினர், எவ்விடத்தில் வெறுத்து வெளியேறினர் என்பன கணிப்பொறி தானே குறித்துக்கொள்ளும் செயற்சான்றுகள். ஒரு மாற்றம் நன்றா தீதா என அறிய, பயனருள் ஒரு பகுதியார்க்குப் பழைய முறையையும் மற்றொரு பகுதியார்க்குப் புதிய முறையையும் காட்டி, இரு திறத்தார் செயலையும் ஒப்பிடுதலும் உண்டு. உழவன் ஒரே வயலில் இரு பாத்தி கட்டி இரு வகை எரு இட்டுப் பார்ப்பதை இஃது ஒக்கும். இவையேயன்றி, வாய் திறவாமல் விலகிச் சென்றோரின் மௌனமும் ஒரு கருத்தே. அதனைப் படிப்பதே மிக அரிது. உணவு விடுதியில் சாம்பார் புளித்திருந்தால் கடிந்துகொள்வோர் ஒரு சிலர். மறுநாள் வேறு விடுதிக்குச் செல்வோரே பலர்.

சொல்லும் செயலும் முரண்படும்போது எதனை நம்புவது? 2006 செப்டம்பர் 5 அன்று, தமிழர் முகநூல் என வழங்கும் ஃபேஸ்புக் ஒரு புதுமையைச் செய்தது. அதுவரை நண்பர் ஒருவரின் செய்தியை அறிய அவர் பக்கத்துக்கே செல்ல வேண்டியிருந்தது. அன்று முதல் எல்லா நண்பர்களுடைய செய்திகளும் செயல்களும் ஒரே ஓடையாக முகப்பில் தோன்றின. முன்பு ஒவ்வொரு வீடாகச் சென்று நலம் உசாவியவர்க்கு, இப்போது எல்லா வீட்டு நிகழ்ச்சியும் தெருமுனையில் பறையறைந்து அறிவிக்கப்பட்டது போலாயிற்று. பயனர் கொதித்தெழுந்தனர். எதிர்ப்புக் குழு ஒன்றில் சில நாட்களில் பல இலட்சம் பேர் சேர்ந்தனர். புதிதாக மறைபொருள் எதுவும் வெளியிடப்படவில்லை என்பது நிறுவனத்தார் வாதம். ஒருவகையில் அது மெய்யே. எனினும் தேடி வருவோர் அறிதல் வேறு, பறையறைதல் வேறு. இவ்வேறுபாட்டை அவர்கள் முன்னதாகக் கருதிலர். நிறுவனர் மார்க் சக்கர்பெர்க் மூன்று நாட்களுக்குள் தவற்றை ஒப்புக்கொண்டு எழுதினார். தம் செய்திகளுள் எவை ஓடையில் தோன்றலாம் என்பதைப் பயனரே வரையறுக்கும் வசதி சேர்க்கப்பட்டது.

ஆயினும் அவ்வோடை நீக்கப்படவில்லை. எதிர்ப்புக் குழு அத்துணை விரைவாகப் பரவியதற்குக் காரணமே அவ்வோடைதான். ‘இன்னார் இக்குழுவில் சேர்ந்தார்’ என்னும் செய்தியை அதுவே எல்லார்க்கும் காட்டிற்று! மக்கள் வெறுத்தது ஓடையையா, தம் கையில் அடைப்பு இல்லாமையையா என ஆராய்ந்து, அடைப்பை மட்டும் அவர்கள் கையில் கொடுத்தனர். முறையீட்டின் சொல்லைவிட அதன் காரணத்தை நோக்கியமையால் அம்முடிவு நிலைத்தது.

அதே நிறுவனம் பிறிதொரு முறை குறையைச் சரியாகக் கேட்டும், அதற்குத் தந்த விடையைப் பிழையாகப் பயன்படுத்திய வரலாறு இதனினும் விரிவாக அறியத் தக்கது. 2009-இல் முகநூலில் ‘விருப்பம்’ என்னும் குறி வந்தது. பெருவிரலை உயர்த்திய அக்குறி நற்செய்திகளுக்கு ஏற்றதாக இருந்தது. ஆனால் ஒருவர் தம் தந்தை மறைந்தார் என எழுதினால், அதற்கு ‘விருப்பம்’ தெரிவித்தல் எங்ஙனம் பொருந்தும்? இழவு வீட்டில் வாய் பேசாது கைகளைப் பற்றிக்கொண்டு துக்கம் உசாவும் மரபு உடைய நம்மவர்க்கு அக்குறி பெரும் இடர்ப்பாடாயிற்று. பிற நாட்டாரும் அவ்வாறே உணர்ந்தனர். ‘வெறுப்பு’க் குறி வேண்டும் எனப் பலர் பல்லாண்டு கேட்டனர். அவர்கள் வேண்டியது பிறரை இகழ்தற்கான கருவி அன்று. துயரில் பங்கு கொள்ளும் வழியே என்பதை நிறுவனத்தார் உணர்ந்தனர். 2016 பிப்ரவரியில் விருப்பத்தோடு அன்பு, சிரிப்பு, வியப்பு, துயரம், சினம் என்னும் முகக்குறிகளும் சேர்க்கப்பட்டன. இதுகாறும் நன்றே.

அடுத்த ஆண்டு முதல், எச்செய்தியைப் பலர்க்குக் காட்டலாம் எனக் கணிக்கும்போது, ஒரு முகக்குறியை ஐந்து விருப்பங்களுக்கு நிகராக எண்ணத் தலைப்பட்டனர். தேடி எடுத்து ஒரு முகத்தை இடுபவர் அச்செய்தியில் மிகுந்த ஈடுபாடு உடையவர் என்பது அவர்கள் கருத்து. சினக்குறிக்கும் அதே மதிப்பு! பொய்யும் பகையும் கலந்த செய்தியைக் கண்டு பொறாதவர் சினந்தனர்; அவர் சினமே அச்செய்தியை மேலும் பல்லாயிரவர்க்குக் கொண்டுசென்றது. “இது தீது” என்று கூறியவன் குரலை, “இது வேண்டும்” என எழுதிக்கொண்ட கணக்கனை ஒத்தது அம்முறை. சினக்குறி மிகுதியாகப் பெறும் செய்திகளுள் பொய்யும் இழிவும் மிகுதி என நிறுவனத்தின் ஆய்வாளர்களே கண்டனர். அதன் மதிப்பு படிப்படியாகக் குறைக்கப்பட்டு, 2020-இல் சுழியாக்கப்பட்டது. இவ்விவரங்கள் அந்நிறுவனத்தின் உள்ளாவணங்கள் 2021-இல் வெளிவந்தபோதுதான் உலகுக்குத் தெரிந்தன. செயற்சான்றை மட்டும் நம்புவோர் இவ்விடத்தில் இடறுவர். ஒருவன் ஓரிடத்தில் நெடுநேரம் நின்றான் என்று கணிப்பொறி கூறும். மகிழ்ந்து நின்றானா, திகைத்து நின்றானா என்பதை அது கூறாது.

இனிக் கூறப்போவது துயரமான செய்தி. 2018-இல் பிள்ளை பிடிப்போர் ஊரூராகத் திரிகின்றனர் என்னும் வதந்தி வாட்ஸ்அப் வழியே நாடெங்கும் பரவிற்று. அவ்வாண்டு மே மாதம், விழுப்புரத்தை அடுத்த திருவண்ணாமலை மாவட்டத்தில், உறவினருடன் கோயில் வழிபாட்டிற்குச் சென்ற அறுபது வயது கடந்த மூதாட்டி ஒருவர் வழியில் குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தார். அதனைத் தவறாக எண்ணிய கூட்டத்தார் அடித்தமையால் அவர் உயிர் நீத்தார். வேறு மாநிலங்களிலும் இவ்வாறே கொலைகள் நிகழ்ந்தன.

வாட்ஸ்அப் வழங்கிய வசதியில் அதன் பயனர்க்கு யாதொரு குறையும் இருந்ததில்லை. ஒரு செய்தியை ஒரே தொடுதலில் எத்தனையோ குழுக்களுக்கு அனுப்புதல் அவர்களுக்கு எளிதாகவும் இனிதாகவும் இருந்தது. ‘நன்று’ என்று விண்மீன் ஐந்தும் கொடுத்தோர் பலர். துன்புற்றவரோ அவ்வசதியைக் கேட்டவர் அல்லர். அவர் பெயரால் எந்த முறையீட்டுப் படிவமும் நிறுவனத்தைச் சென்றடையவில்லை. கன்றை இழந்த பசுவும் தேர் ஏறி மகிழ்ந்ததன்று. வாடிக்கையாளர் கருத்து ஒன்றையே அளவுகோலாகக் கொள்வோர்க்கு, வாசலுக்கு வெளியே நிற்பவர் குரல் கேளாது. இங்கு மணியை அசைத்தவர் செய்தித்தாள்களும் நாட்டின் அரசுமே.

2018 ஜூலையில், பிறரிடமிருந்து வந்து மேலும் அனுப்பப்படும் செய்திக்கு அடையாளம் இடப்பட்டது. இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு அல்லது குழுக்களுக்கு மேல் அனுப்ப இயலாதவாறு வரம்பு வந்தது. 2019 ஜனவரியில் அவ்வரம்பு உலகெங்கும் பரவிற்று. பலமுறை கைமாறிய செய்தியை ஒரு நேரத்தில் ஒருவருக்கே அனுப்பலாம் என்னும் விதி 2020 ஏப்ரலில் வந்தது. அதன்பின் அத்தகைய செய்திகளின் பரவல் எழுபது விழுக்காடு குறைந்தது என நிறுவனம் அறிவித்தது. செய்தியின் உள்ளடக்கத்தை நிறுவனமும் படிக்க இயலாதவாறு பூட்டியிருக்கும் நிலையில், அது பலமுறை கைமாறியது என்பதை எங்ஙனம் அறிவது என்னும் ஐயம் எழலாம். சங்கிலிக் கடிதத்தில் ஒவ்வொருவரும் ஒரு கோடு கிழித்து அனுப்புவது போல, செய்தியே தன் கணக்கைத் தன்னுடன் சுமந்து செல்லும். கைப்பேசி அக்கோடுகளை எண்ணிக்கொள்ளும். கடிதத்தைப் பிரிக்க வேண்டுவதில்லை.

தமிழ்நாட்டிலேயே பிறந்த ஒரு செயலியின் வரலாறு அண்மைக் காலத்தது. சென்னையைத் தாயகமாகக் கொண்ட ஜோஹோ நிறுவனம் 2021 ஜனவரியில் ‘அரட்டை’ என்னும் செயலியை வெளியிட்டது. நான்காண்டு அதனை நாடியவர் சிலரே. 2025 செப்டம்பர் இறுதியில் திடீரென நாள்தோறும் புதிதாகச் சேர்வோர் தொகை மூவாயிரத்திலிருந்து மூன்று இலட்சத்து ஐம்பதினாயிரமாக உயர்ந்தது என்று அதன் நிறுவனர் ஸ்ரீதர் வேம்பு தெரிவித்தார். திருவிழாக் கூட்டம் சிற்றூர்ப் பேருந்தில் ஏறியது போலக் கணிப்பொறிகள் திணறின. கருத்துக்கள் வெள்ளமாக வந்தன. அவற்றுள் முதன்மையானது: பேச்சு அழைப்புகள் பூட்டப்பட்டிருக்க, எழுத்துச் செய்திகள் முழுமையாகப் பூட்டப்படாமை ஏன் என்பது. பெயரை மாற்றுக என்றோரும் இருந்தனர். ‘அரட்டை’ என்னும் பெயர் வடநாட்டார் நாவுக்கு எளிதன்றாம்! 2025 நவம்பரில் இருவர்க்கிடையே செல்லும் எழுத்துச் செய்திகளுக்கும் முழுப் பூட்டு அளிக்கப்பட்டது. பெயர் மாறவில்லை. ஒரு கோரிக்கை பயனரின் மறைபொருளைக் காப்பது. மற்றொன்று நாவின் பழக்கத்தைப் பொறுத்தது. இரண்டிற்கும் ஒரே நிறை இடாமை சரியே.

நிறுவனத்தாரின் நல்லெண்ணத்தையே நம்பியிராது, இந்திய அரசு 2021 பிப்ரவரியில் விதிகளை வகுத்தது. அவற்றின்படி ஒவ்வொரு தளமும் குறைதீர் அலுவலர் ஒருவரை அமர்த்தி, அவர் பெயரையும் தொடர்பு வழியையும் வெளியிடுதல் வேண்டும். முறையீடு கிடைத்த 24 மணி நேரத்திற்குள் அதனைப் பெற்றமைக்கு ஒப்புகை தருதல் வேண்டும். 50 இலட்சத்துக்கு மேற்பட்ட பயனரை உடைய தளங்களின் குறைதீர் அலுவலர் இந்தியாவில் வசிப்பவராக இருத்தல் வேண்டும். அவர் முடிவில் நிறைவு பெறாதோர் மேல்முறையீடு செய்யும் பொருட்டு, 2023-இல் மேல்முறையீட்டுக் குழுக்களும் அமைக்கப்பட்டன. திங்கட்கிழமைதோறும் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் மனுவுடன் வரிசையில் நிற்கும் மக்களுக்கு இம்முறை புதிதன்று. இங்கே வரிசை கண்ணுக்குத் தெரிவதில்லை, அவ்வளவே.

முறையீடு எழுதுவோர் எந்நாளில், எக்கருவியில், எதனைச் செய்ய முயன்றபோது, என்ன நேர்ந்தது என்பதை முறையே குறித்து, திரையின் படத்தையும் உடன் வைத்தல் நன்று. “உங்கள் செயலி சரியில்லை” என்று மட்டும் எழுதினால், படிப்பவர் பெருமூச்சு விடுதலன்றி வேறொன்றும் செய்ய இயலாது. எழுதத் தெரிந்தவர்க்கு இஃது எளிது. பொம்மையார்பாளையக் கரையில் கூடையுடன் மீன் விற்கும் மூதாட்டிக்கோ படிவத்தின் முதல் வரியே தடையாகும். குரலால் பதிந்த செய்திகளை அவர் நாள்தோறும் பேத்திக்கு அனுப்புகிறார். குறையைக் கூறுமிடத்தில் மட்டும் குரலுக்கு இடமில்லாது போயின், எழுத்து வேண்டும். அதுவும் பல தளங்களில் ஆங்கில எழுத்தாக வேண்டும். அந்நிலையில் அவர் கைப்பேசியைப் பேத்தியிடம் நீட்டி, “இதுல என்னமோ கோளாறு, நீயே எழுதிப் போடு கண்ணு” என்பார். பேத்தி பள்ளியிலிருந்து வரும் வரை அம்முறையீடு காத்திருக்கும்.